காத்திருந்த கனவான்

நான் குடியிருக்கும் பியோர்ண்டாலில் இருந்து என் வேலையிடத்துக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம். பழைய நாவலில் ஓர் அத்தியாயம் வாசிக்க அது அளவான நேரம். ஜன்னலோர இருக்கை கிடைக்க வேண்டும். பனிக்காலமென்றால் வலது கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் பெரிய வசதி எதையும் நான் எதிர்பார்ப்பதில்லை.

விசாரணையில் நீங்கள் கேட்டது ஒரேயொரு தபால் பொதியைப் பற்றி. பதிலையும் ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு வசனத்தை வைத்து ஒரு மனிதனை எடைபோடக்கூடாது. தமிழிலேயே எழுதித் தாருங்கள், மொழிபெயர்ப்பாளரை வைத்து மாற்றிக்கொள்கிறோம் என்றீர்கள். நன்றி. நல்ல ஆளாகப் பாருங்கள். சில மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

என் பெயர் ஆனந்தராஜா. வயது ஐம்பத்தெட்டு. ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். இங்கே பதினாறு வருடமாகத் தபால் பொதிகளைத் தரம்பிரிக்கிறேன். இந்தப் பதினாறு வருடத்தில் என் கையால் ஒரு பொதியும் தொலைந்தது கிடையாது. இந்தப் பொதியும் தொலையவில்லை. பதினொரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் எடையில்தான் சிறு வித்தியாசம்.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு, எங்கள் குடியிருப்பின் பொது அறையில் வாசகர் வட்டம் கூடும். பன்னிரண்டு பேர். தலைவர் சோதிலிங்கம், பேருந்து ஓட்டுபவர். தேநீருக்குப் பொறுப்பு ஞானமலர், குழந்தைகள் காப்பகத்தில் வேலை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நூற்றைம்பது வருடப் பழைய ஆங்கிலத் திகில் நாவல் ஒன்றை வாசிப்போம் என்று முடிவாயிற்று. பலருக்கு அந்த ஆங்கிலம் ஓடாது. மாதம் ஓர் அத்தியாயமாக நான் தமிழாக்கி, நகலெடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

நாவலின் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் ‘ஆல்டன்மூர்க் கொடியவன்’ என்று வரும். நான் ‘காத்திருந்த கனவான்’ என்று போட்டேன். தலைப்பு மொழிபெயர்ப்பாளரின் உரிமை.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு பெரிய மாளிகை. அதில் சேர் ஹொரேஸ் என்ற கனவான். அவருடைய மனைவி லவீனியா ஒரு மழைநாளில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விடுகிறாள். காரணம் சொல்லவில்லை. கடிதம் வைக்கவில்லை. அவர் ஒவ்வொரு மாலையும் மேசையில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்துக் காத்திருக்கிறார். பதினொரு அத்தியாயம் காத்திருக்கிறார். நான் பேருந்தில் அழுதேன். பக்கத்தில் இருந்த நோர்வேஜியப் பெண்மணி எழுந்து பின்னால் போய் இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எழுத்தாளருக்கு ஏதோ ஆகிவிடுகிறது. திடீரென்று லவீனியா வாயைத் திறந்து, தான் போன கதையைச் சொல்கிறாள். சேர் ஹொரேஸ் அவளுடைய மூக்குக்கண்ணாடியை, சாவியை, கடிதங்களை இடம் மாற்றி வைப்பாராம். அவள் தேடினால், “நீ அங்கே வைக்கவேயில்லை” என்பாராம். ஒன்பது வருடம் இப்படியே சொல்லிச் சொல்லி, தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளே நம்பும்படி செய்துவிட்டாராம். கடைசி அத்தியாயத்தில் அவள் நீதவானை அழைத்துக்கொண்டு வருகிறாள். சேர் ஹொரேஸ் மாளிகையின் கோபுரத்தில் இருந்து விழுந்து சாகிறார். அதற்கு முன் அந்த மாளிகைக்குக் கோபுரம் இருந்ததாக ஒரு வார்த்தை கிடையாது. ஆளை விழுத்துவதற்காகவே ஒரு கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

ஒரு வாசகனாக எனக்கு இரண்டு மனம். முதல் பாதியைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். இரண்டாம் பாதி அவதூறு. ஒரு வீட்டில் பொருட்களை ஒழுங்குபடுத்தி வைப்பது குற்றமென்றால் எந்தக் கணவன் தப்புவான்?

என் மனைவி யோகராணி இப்போது பேர்கன் நகரில் இருக்கிறார். மகள் ஜெனிதாவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாகப் போனவர். பேரனுக்கு வரும் ஆவணியில் ஐந்து வயதாகிறது. இன்னும் அங்கே ஆள் தேவைப்படுகிறது.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் தமிழாக்கும்போது முதலில் ஒரு பந்தியைத்தான் விட்டேன். விட்டதும் கதையில் ஓர் ஓட்டை தெரிந்தது. சாவியை இடம் மாற்றியது யார்? அதை அடைக்க மிஸிஸ் பிளம் என்று ஒரு வேலைக்காரியை உண்டாக்கினேன். அவள் வந்தபிறகு எல்லாம் சுகமாகப் போயிற்று. கண்ணாடியை எடுத்தவள் அவள், கடிதத்தை ஒளித்தவள் அவள். வட்டத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்காமல் போனது. சோதிலிங்கம் ஒருமுறை தேநீரைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பிளம் மனுசியை வீட்டை விட்டுக் கலைச்சால்தான் எனக்கு நிம்மதி” என்றார்.

தை மாதம் நான் கொடுத்த பதினாறாம் அத்தியாயத்தில் லவீனியா திரும்பி வருகிறாள். தவறு தன்மீதுதான் என்கிறாள். மேசையில் அவளுடைய தட்டு இருக்கிறது. இருவரும் சூப் குடிக்கிறார்கள். அந்தக் காட்சியை நான் மூன்று தடவை திருத்தி எழுதினேன். ஞானமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, அந்த சூப்புக்குத் தேங்காய்ப்பால் விட்டிருக்கினமோ?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலில் எல்லாம் போனது என்று விளக்கினேன்.

ஞானமலர் என் நகல்களை மாதாமாதம் பேர்கனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்தேன். தை மாத அத்தியாயம் போன மூன்றாம் நாள் யோகராணி தொலைபேசி எடுத்தார். அவராக எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அவ திரும்பிப் போறாவோ?” என்று கேட்டார். “உண்மையிலேயே அப்பிடித்தான் எழுதியிருக்குதோ?”

“ஓம்.”

“அந்தச் சாவியளை மாத்தி வைச்சது அவர் இல்லையோ?”

“இல்லை. வேலைக்காரி.”

பேரன் பின்னால் நோர்வேஜிய மொழியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். பிறகு, “எனக்கு அந்த மனுசனிலை துவக்கத்திலை இருந்தே ஒரு சந்தேகம்” என்றார். “நான்தான் பிழையாய் யோசிச்சிட்டன் போலை.”

“அது வழமைதானே” என்றேன் அன்பாக.

“ஈஸ்டருக்கு வந்து பாக்கிறன்” என்றார்.

ரயில் சீட்டும் எடுத்துவிட்டார். நான் வீட்டைத் துப்புரவாக்கினேன். ஜன்னல் சீலைகளைத் தோய்த்தேன். ஈஸ்டருக்குப் பத்து வாரம் இருந்தது. அதுவரைக்கும் ஒன்றும் குழம்பாமல் இருந்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

சுவாதி தமிழ்நாட்டுப் பிள்ளை. கோயம்புத்தூர். கணவர் மகேஷ் கணினி நிறுவனத்தில் வேலை. அந்தப் பிள்ளை எங்கள் வட்டத்துக்கு முந்தைய புரட்டாதியில்தான் வந்தது. நல்ல மரியாதை. முதல் நாளே எல்லாருக்கும் முறுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்குப் பன்னிரண்டாம் அத்தியாயம். வாசித்து முடிந்ததும் பாடசாலைப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தியது.

“அங்கிள், சாரி, இந்த நாவல் எனக்கு காலேஜ்ல பாடம். இதுல மிஸிஸ் பிளம்னு யாருமே இல்லையே.”

“எந்தப் பதிப்பு பிள்ளை?” என்று கேட்டேன்.

“அது ஞாபகம் இல்ல அங்கிள்.”

“அப்ப அது மாணவருக்குச் சுருக்கின பதிப்பாய் இருக்கும்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்துக்கொண்டு தலையாட்டியது.

நூலகத்தில் அந்த நாவலின் பிரதி ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருந்தது. தவணை முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டேன். சுவாதி இணையத்தில் தேடியது. கதைச் சுருக்கம் ஒன்று கிடைத்தது, அதில் கோபுரம் வருகிறது என்றது. இணையத்தில் யாரும் எதையும் எழுதலாம் என்று சொன்னேன். இரண்டாயிரத்து ஐந்தில் அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து.

“கடைசில அவர் டவர்ல இருந்து விழுவார் அங்கிள். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எக்ஸாம்ல எழுதியிருக்கேன்.”

“அந்த மாளிகையிலை கோபுரமே இல்லையே பிள்ளை.”

“ஓம், இல்லைத்தான்” என்றார் சோதிலிங்கம், பழைய நகல்களைப் புரட்டிப் பார்த்து. அவர் நேர்மையான மனிதர். நகலில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லமாட்டார்.

மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை கதைப்பது குறைந்தது. ஒரு சின்னக் கொப்பி வைத்துக் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒருநாள் வெளிக்கிடும்போது குடையைக் காணவில்லை என்று தேடியது. வாசலில் வைத்ததாகச் சொன்னது. குடை உள்ளே, அலுமாரிக்குப் பக்கத்துக் கொக்கியில் இருந்தது. நான்தான் மாட்டினேன். ஈரக்குடை வாசலில் கிடந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். “நீங்கள் இஞ்சைதானே மாட்டினனீங்கள்” என்றேன். அடுத்த மாதம் கையுறை. அதற்கடுத்த மாதம் கொப்பி. கொப்பி நான்கு நிமிடம்தான் காணாமல் இருந்தது. மேசையின் மறுபக்கத்தில் வைத்திருந்தேன்.

தை மாதக் கூட்டம் முடிந்து தேநீர்க் குவளைகளைக் கழுவும்போது அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டது. “அங்கிள், முப்பது வயசுல ஞாபகமறதி வருமா? வீட்லயும் இப்ப எனக்கு எதுலயும் நிச்சயம் இல்ல. ஸ்டவ்வ அணைச்சேனான்னு மூணு தடவ திரும்பிப் போய்ப் பாக்கறேன். மகேஷ் சிரிக்கறார்.”

எனக்கு மனம் இரங்கியது. டொக்டரிடம் ஒருக்கால் காட்டும்படி நான்தான் சொன்னேன். உடம்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. அடுத்த கிழமையே நாள் எடுத்துவிட்டது. நான் அக்கறையில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிள்ளை இன்னொரு காரியமும் செய்திருந்தது. மாசிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது: “என் காலேஜ் புக் ஊர்ல இருக்கு. அப்பா போஸ்ட் பண்ணிட்டார். வந்தா நானே செக் பண்ணிக்கறேன். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் நார்மல்னுட்டார். இது மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு.”

ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம்.

இந்தியாவில் இருந்து வரும் பொதிகளைக் கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியை வெள்ளைத் துணியில் போட்டுச் சுற்றித் தைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவார்கள். முகவரியைத் துணியிலேயே எழுதியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அது என் முன்னால் வந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. அதுதான் வந்தது. மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்தேன். பையில் புட்டு இருந்தது. பொதியில் படாமல் ஒதுக்கித்தான் வைத்தேன்.

வீட்டில் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்தேன். பழைய மெல்லட்டைப் புத்தகம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. பத்தொன்பது வயதில் எழுதியிருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில், சேர் ஹொரேஸ் முதல்தடவையாக அந்த வெறும் தட்டை மேசையில் வைக்கும் இடத்தில், உலகமே அழும் இடத்தில், அந்தப் பிள்ளை தமிழில் எழுதியிருந்தது: ‘இவன் பொய் சொல்றான்.’

முந்தைய பக்கங்களை மறுபடி புரட்டிப் பார்த்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் அப்படி நினைக்க ஓர் ஆதாரமும் இல்லை. அவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, தட்டுத்தான் வைத்தார். ஒரு மனிதரைப் பற்றி அவ்வளவு விரைவாக முடிவுக்கு வருவது வாசகருக்கு அழகல்ல.

பொதியை முழுதாக வைத்துக்கொள்வது திருட்டு. நான் திருடன் இல்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் தொடங்கி முடிவுவரை உள்ள பக்கங்களைச் சவர அலகால் முதுகோடு ஒட்ட வெட்டி எடுத்தேன். மிகத் துப்புரவான வேலை. இந்தியப் புத்தகங்களில் பசை விடுவது வழமை, பாதி உதிர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஐந்தாம் அத்தியாயக் குறிப்பை மட்டும் அழிறப்பரால் அழித்தேன். யோகராணியின் தையல் பெட்டியில் வெள்ளை நூல் முடிந்திருந்தது. வெளிர்நீலத்தால் தைத்தேன். பதினோராம் நாள் பொதியை மறுபடியும் விநியோக வரிசையில் வைத்தேன். இடைப்பட்ட நாட்களில் அந்தக் குறிப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், இல்லாவிட்டால் இன்னும் விரைவாகப் போயிருக்கும்.

பங்குனிக் கூட்டத்துக்குச் சுவாதி கணவரையும் அழைத்து வந்தது. துணியையும் புத்தகத்தையும் மேசையில் வைத்தது. கோபமாகக் கதைக்கவில்லை.

“பாதி புக் இல்ல அங்கிள். சரியா பன்னெண்டாவது சாப்டர்ல இருந்து.”

“பசை விட்டிருக்கும் பிள்ளை.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். மறுபடியும் என்மேலயே சந்தேகம் வந்துச்சு. ஆனா இங்க பாருங்க.” ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தது. “இங்க நான் ஒண்ணு எழுதியிருந்தேன். யாரோ அழிச்சிருக்காங்க. பென்சில் அழுத்தின தடம் அப்படியே இருக்கு. பசை விட்டா எழுத்து அழியுமா?”

புத்தகம் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றிப் போயிற்று. ஒவ்வொருவரும் சரித்துப் பார்த்து வாசித்தார்கள். ஞானமலர் துணியை எடுத்து நீலத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். அந்த நூல்கண்டை யோகராணிக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. தபாலில் வேலை செய்பவர் எங்கள் வட்டத்தில் நான் ஒருவன். அதை யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

சோதிலிங்கம்தான் கடைசியில் வாய் திறந்தார். “அண்ணை, ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்தக் கோபுரம் இருக்குதோ, இல்லையோ?”

நான் பொய் சொல்லும் ஆள் இல்லை. “இருக்குது” என்றேன்.

“அப்ப அந்தப் பிளம்?”

“அவ இல்லை.”

சோதிலிங்கம் கதிரையில் சாய்ந்துவிட்டார். ஒன்றரை வருடம் தலைமை தாங்கி வாசித்த நாவல் அவருக்கு. அரை வருடமாக அவர் மனதார வெறுத்த மனுசி உலகத்தில் எங்குமே இருந்ததில்லை என்பது அவரை நிரம்பப் பாதித்திருக்க வேண்டும்.

சுவாதி கணவரைப் பார்த்து, “டவர் இருக்கு, மகேஷ்” என்றது. பிறகு மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதது. ஒரு பழைய நாவலின் கட்டட விவரத்துக்காக இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினேன். மகேஷ் என் கையைப் பிடித்து, மிகவும் மரியாதையாக, என் மடியிலேயே திருப்பி வைத்தார்.

உங்கள் அலுவலகத்துக்கு அவர்கள் மறுநாள் காலை முறையிட்டார்கள். அன்று பின்னேரம் யோகராணி தொலைபேசி எடுத்தார். ஞானமலர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“சீட்டைத் திருப்பிக் குடுத்திட்டன்” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. “வெட்டின பக்கமெல்லாம் வைச்சிருக்கிறியளோ?”

“ஓம். ஒரு பக்கமும் கசங்கேல்லை.”

“அப்ப அதைத் தமிழிலை எழுதி எனக்கு அனுப்புங்கோ. அந்த மனுசி என்ன சொன்னவ எண்டு நான் வாசிக்கவேணும். ஒண்டையும் மாத்தாமல் எழுதுங்கோ.”

நாலரை வருடத்தில் யோகராணி என்னிடம் கேட்ட முதல் காரியம் இது. எப்படி மறுப்பேன்? வெட்டிய பக்கங்களை உங்களிடம் உடனே ஒப்படைக்காததற்குக் காரணம் இதுதான். ஒளிக்கவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது. நேற்று முடித்தேன். இந்த வாக்குமூலத்தோடு அந்தப் பக்கங்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். சுவாதியிடம் சேர்த்துவிடுங்கள்.

ஆகவே, ஓம், பொதியை எடுத்தது நான். பிரித்தது நான், வெட்டியது நான், அழித்தது நான். குடையும் கையுறையும் கொப்பியும் நான். இவற்றையெல்லாம் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். தண்டனை எதுவென்றாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் யோகராணிக்கு அனுப்பிய தமிழாக்கம் சுத்தமானது என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். மிஸிஸ் பிளம்மை எடுத்துவிட்டேன். கோபுரத்தைக் கட்டிவிட்டேன். சேர் ஹொரேஸை விழவும் விட்டேன், மனம் கேட்காமல்தான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், வீட்டைவிட்டுப் போகுமுன் லவீனியா வாசலில் நின்று கணவரிடம் சொல்லும் ஒரேயொரு வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன். கதைக்கு அது தேவையில்லை. அதோடு, அப்படி ஒரு வசனத்தை யோகராணி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.